ஏழாம் நோட்டு, நாற்பத்து மூன்றாம் பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். இடது முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீ பேசுவது எனக்குத் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்பதால் வழக்கம்போல் கடிதமே எழுதுகிறேன்.

உன் அத்தானின் பதினொரு கணித நோட்டுகளையும் இணையத்தில் போட, அவர் பாடம் நடத்திய கல்லூரி முடிவு செய்திருக்கிறது. அவர் போய் இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. வலைப்பக்கம் அமைக்கிற பெண் நேற்று மடிக்கணினியோடு வந்தாள். சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் தாமதம். அதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. ஆனால் வேலை தெரிந்தவள். சமன்பாடுகளை எப்படிக் காட்டுவது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டுமாம். மூன்று மாதிரிகள் காட்டினாள்.

முதலாவது, நோட்டுப் பக்கத்தை அப்படியே படம் பிடித்துப் போடுவது. இரண்டாவது, சமன்பாட்டை அச்சுப்போல் செய்து, அதை ஒரு சிறு படமாக்கி வரிக்கு நடுவே செருகுவது. மூன்றாவதில் படமே கிடையாது. குறிகளையெல்லாம் எழுத்தாகவே தட்டி வைப்பார்களாம். பார்க்கிறவருடைய கணினி அந்த நேரத்தில் அதைச் சமன்பாடாக வரைந்துகொள்ளுமாம். "பெருசாக்கலாம், தேடலாம், காப்பி எடுத்துக்கலாம்மா," என்றாள். "காப்பியடிக்கறது பரீட்சையிலயே தப்பு," என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நீ முப்பது வருடம் கணிதம் நடத்தியவன். உன் எண்ணம் என்ன?

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகம். முழங்காலை அதட்டாதே, அதற்கும் எழுபத்தாறு வயது. உன் கடிதத்தை இவளை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். இதை நானே தட்டச்சு செய்கிறேன். கணினி ஒவ்வொரு எழுத்தையும் எனக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது. இவள் அச்செடுத்துத் தபாலில் போடுவாள்.

மூன்றாவது. யோசிக்கவே வேண்டாம்.

எனக்குக் கண் போய் மூன்று வருடம். கணினி செய்தி வாசிக்கிறது, கதை வாசிக்கிறது, மருந்து டப்பாவோடு வரும் சீட்டைக்கூட வாசிக்கிறது. கணிதப் பக்கத்தைத் திறந்தால் மட்டும், சமன்பாடு வரும் இடத்தில் "படம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் பெட்டி, பெட்டி, பெட்டி என்று எண்ணிக்கொண்டே போகிற ஆள் மாதிரி. எழுத்தாகத் தட்டியிருந்தால்தான் "மேலே இது, கீழே அது" என்று வாசிக்கும்.

மூன்று வருடமாக நான் ஒரு புதுச் சமன்பாட்டைச் சந்திக்கவில்லை அக்கா. எனக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்ததையே திரும்பத் திரும்ப மனசுக்குள் போட்டுப் பார்த்துச் சலித்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் சொல், அவள் தட்டுகிற ஒவ்வொரு வரியையும் நான் காதால் கேட்டுப் பிழை பார்த்துத் தருகிறேன். முக்கியமாக ஏழாம் நோட்டு. அத்தானுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த தேற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசக் கேட்டிருக்கிறேன். முழுசாக ஒரு முறை படித்ததில்லை.

அன்புடன்,
தம்பி

அண்ணி, அடியில் இது என் கையெழுத்து. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து இவர் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். கதவு நிலையில் இரண்டு தடவை இடித்துக்கொண்டார். சீக்கிரம் முடிவு எழுதுங்கள். மண்டை தாங்காது.


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு வாரம் இருமல் இருந்து போயிற்று. பதில் தாமதமானதற்கு அதுவே காரணம் என்று வைத்துக்கொள்.

மூன்றாவது மாதிரியை அந்தப் பெண்ணின் கைபேசியில் பார்த்தேன். நீளமான சமன்பாடு ஒன்று திரையில் இடம் போதாமல் மடிந்து, ஒரு பின்னத்தின் தலை ஒரு வரியிலும் கால் அடுத்த வரியிலுமாகக் கிடந்தது. "சரி பண்ணிடலாம்மா," என்றாள். சரியில்லாத ஒன்றை எனக்கு ஏன் காட்ட வேண்டும்?

உன் அத்தான் கண்ட கண்ட தாளில் கிறுக்குவார். அவற்றையெல்லாம் பதினொரு நோட்டுகளில் சுத்தமாக எழுதியது நான். கோடு போடாத தாளில் கோணாமல் எழுத கான்வென்டில் சிஸ்டர் எனக்குக் கற்றுக் கொடுத்தது இப்படிக் கால் வேறு தலை வேறாகப் போவதற்கு அல்ல. பக்கங்கள் படமாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

வெயிலில் அலையாதே.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருமலுக்கு மருந்து சாப்பிட்டாயா? எழுது.

உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பள்ளியில் என் நோட்டுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதித் தந்தது நீதானே. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த எழுத்து தெரிகிறது. கண்ணைத் திறந்தாலும் அதுதான் தெரிகிறது, வேறு எதுவும் தெரியாததால்.

நான் பேரம் பேச வருகிறேன். பத்து நோட்டுகள் படமாகவே இருக்கட்டும். ஏழாவதை மட்டும் எழுத்தாகவும் தட்டிப் போடச் சொல். படமும் இருக்கட்டும், எழுத்தும் இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்குக் கூடுதலாகப் பத்து நாள் வேலை. எனக்கு அது என்னவென்று உனக்குத் தெரியும். இதற்கு மேல் கெஞ்ச வைக்காதே, அக்கா. எனக்கும் உன் ரத்தம்தான், சட்டென்று முதுகு வளையாது.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ கடிதம் எழுதி ஏழு வாரமாகிறது என்று எனக்குத் தெரியும். குளியலறைக் குழாய் உடைந்து, அடுத்திருந்த அறை முழுதும் ஈரம். புத்தகங்களை வெளியே எடுத்து வைத்துக் காய வைப்பதிலேயே நாட்கள் போயின.

நோட்டுகள் பதினொன்றும் சென்ற வாரம் இணையத்தில் வந்துவிட்டன. எல்லாம் படம். ஏழாவதும்தான். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் கண் தெரியாதவர்களுக்காக வார்த்தைகளில் விளக்கம் சேர்க்கலாம் என்று அந்தப் பெண் கடைசி நாளில் கேட்டாள். அதையும் வேண்டாம் என்றேன். அரைகுறை விளக்கம் இருப்பதைவிட இல்லாமலிருப்பது நல்லது.

உன் மனைவியின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

இவள் முதுகுவலி பரவாயில்லை. ஈரம் போன அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்.

முதலில் துக்கச் செய்தி. அத்தானின் பக்கத்தைத் திறந்து கணினியை வாசிக்க விட்டேன். "படம். படம். படம்." ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுக் காதிலிருந்ததைக் கழற்றிப் போட்டேன். உன்னோடு இனிப் பேசுவதில்லை என்றுகூட நினைத்தேன்.

இவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் சொல்றேன், கேளுங்க," என்றாள். "ஒரு கொக்கி நிக்குது. அதோட தலையில ஒரு எட்டு படுத்துத் தூங்குது. பக்கத்துல உடைஞ்ச நாற்காலி ஒண்ணு."

"நாற்காலியா? எந்தப் பக்கம் உடைஞ்சது?"

"எந்தப் பக்கமா? உங்க பென்ஷன் ஆபீஸ் நாற்காலி மாதிரி. உக்காந்தா விழணும்."

சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு முட்டியது. அப்புறம் அவள் சட்டென்று என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் விரலால் அந்தக் கொக்கியை வரைந்தாள். தொகையிடல் குறி! என் கையில்! பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவள். அர்த்தம் எதுவும் தெரியாமல், நீ எழுதியதை அப்படியே, ஒரு வளைவு விடாமல் என் கைக்கு மாற்றுகிறாள். அடித்து எழுதுவதில்லை, ஊகித்து எழுதுவதில்லை. என்ன பார்க்கிறாளோ அது.

ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போகிறது. முதல் நோட்டு பாதி முடிந்தது. இடையிலிருப்பதில் எனக்குத் தெரிந்த பாடங்களைத் தாண்டிவிடுவேன். செப்டம்பருக்குள் ஏழாவதைத் தொட்டுவிடலாம். உன்னை மன்னித்தாயிற்று.

தம்பி


மே 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ உற்சாகமாக இருப்பது மகிழ்ச்சி.

ஆனால் உன் மனைவியை இப்படி வாட்டாதே. திரையைப் பார்த்துப் பார்த்து அவள் கண்ணும் கெட்டுவிடும். கணக்கு தெரியாத ஒருத்தி போடும் குறியை நம்பி நீ எதையாவது தப்பாகப் புரிந்துகொள்வாய். படித்தே ஆகவேண்டுமென்றால் ஏழாவதை விட்டுவிட்டு எட்டுக்குப் போ. எட்டாவதற்கும் ஏழாவதற்கும் தொடர்பில்லை. எட்டில்தான் அவருடைய நல்ல வேலை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அக்கா


செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று நான்கு மாதமாக ஒரு வரி இல்லை. முதலில் அதை எழுது.

ஏழாம் நோட்டில் இருக்கிறோம். உன் பேச்சைக் கேட்கவில்லை, திட்டாதே. இப்போது ஒரு சிக்கல். நாற்பத்து மூன்றாம் பக்கம், ஒன்பதாம் வரி. அத்தான் இரண்டு பக்கத்தையும் ஓர் அளவால் வகுக்கிறார். இவள் விரல் என் கையில் போட்டது: ஒன்று, கழித்தல், கே. கே என்பது ஒன்றாகவும் இருக்கலாம் என்று நாற்பதாம் பக்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அப்படி இருந்தால் பூஜ்யத்தால் வகுத்ததாக ஆகிறது. அதோடு தேற்றம் முடிந்தது. முதல் வருட மாணவன் இப்படிச் செய்திருந்தால் அத்தான் அவன் தாளை ஜன்னல் வழியாக எறிந்திருப்பார்.

அது 'ஒன்று கூட்டல் கே' என்றால் ஒரு தொல்லையும் இல்லை. இவள் குறுக்குக் கோட்டைப் போட்டு, நிற்கிற கோட்டை விட்டிருப்பாளோ? கேட்டால், "ஒரு கோடுதான் இருக்கு, இல்லாத கோட்டை எங்கேந்து போடறது?" என்று கோபப்படுகிறாள். முந்தைய பக்கங்களிலிருந்து நானே வருவித்துப் பார்த்தேன். கழித்தல்தான் வருகிறது. ஆனால் முந்தைய பக்கங்களும் இவள் விரலில் வந்தவைதானே.

இதற்கு வழி ஒன்றுதான். எழுதியது நீ. மூல நோட்டு உன் அலமாரியில் இருக்கிறது. பார்த்துச் சொல். கூட்டலா, கழித்தலா? அத்தான் தப்புப் பண்ணியிருப்பார் என்று நம்புவதைவிட இவள் தப்புப் பண்ணினாள் என்று நம்புவது எனக்குச் சுலபம். ஆனால் அப்படியானால் இந்த நான்கு மாதமாக நான் படித்தது எதையும் நம்ப முடியாது. அதனால் நன்றாகப் பார்த்துச் சொல்.

தம்பி


செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நோட்டை எடுத்துப் பார்த்தேன். கூட்டல் குறிதான். உன் மனைவி தவறாக இட்டிருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, பழக்கமில்லாத வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


நவம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் கடிதம் வந்த அன்று வழக்கம்போல் நான்தான் அவருக்கு வாசித்தேன். "உன் மனைவி தவறாக இட்டிருக்கிறாள்" என்பதையும் என் வாயால்தான் வாசித்தேன். கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

மறுநாள் உட்காரலாமா என்று கேட்டேன். "வேண்டாம். உன்மேல தப்பில்ல. உனக்குத் தெரியாதுல்ல, என்ன போடறோம்னு," என்றார். அதற்கப்புறம் கணினியைத் திறக்கவில்லை. காலையில் ஜன்னலோரம் உட்காருகிறார், சாயங்காலம் எழுந்திருக்கிறார். சாப்பாடு வேண்டுமா என்றால் வேண்டும் என்கிறார். அதுவும் நான் கேட்டால்தான்.

அண்ணி, நான் கணக்கு தெரியாதவள். கூட்டலும் கழித்தலும் தெரியாதவள் இல்லை. அந்தப் படத்தை முடிந்த மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். மாடி வீட்டு டீச்சரைக் கூட்டி வந்து காட்டினேன். "கழித்தல்தாங்க, நல்லா குண்டா தெரியுதே," என்றார். இவரிடம் சொன்னேன். "எழுதினவ அக்கா. மூல நோட்டு அவகிட்ட இருக்கு. மாடி வீட்டுக்காரங்களுக்கு அக்காவைவிடத் தெரியுமா?" என்றார். டீச்சர் முன்னாலேயே சொன்னார்.

ஒருவேளை உங்களுக்குக் கண் சரியாகத் தெரியாமல் எழுதிவிட்டீர்களோ? வெளிச்சத்தில் இன்னொரு முறை பாருங்கள். பார்த்து ஒரே ஒரு வரி எழுதுங்கள். எனக்காக இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள அந்த ஒரு வேலைதான் இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


டிசம்பர் 1

என் தம்பி மனைவிக்கு,

உறையின்மேல் உன் பெயரை எழுதியிருக்கிறேன். தனியாகப் படி.

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அது கழித்தல் குறிதான். நீ போட்ட எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.

என் கணவர் கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது ஒரு மத்தியானம் நல்ல நினைவோடு பேசினார். "ஏழாவது நோட்டுல நாப்பத்து மூணாம் பக்கம் தப்பு. அதுலேந்து கடைசி வரைக்கும் கிழிச்சிடு," என்றார். "தைச்ச நோட்டு. கிழிச்சா முன்னாடி இருக்கற தாளும் கழண்டு வந்துடும்," என்றேன். "வரட்டும்." "எவ்வளவு நல்லா எழுதியிருக்கேன்!" என்றேன். அவர் சிரித்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. கணக்குதான் தப்பு." ஒன்பது நாளில் போய்விட்டார்.

நான் கிழிக்கவில்லை. அஞ்சலிக் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் அந்தத் தேற்றத்தைத்தான் புகழ்ந்தார். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம். எல்லோரும் கைதட்டி முடிக்கும்வரை மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகு சொல்லச் சரியான நாள் எதுவும் வரவில்லை.

படமாகப் போட்டால் எல்லோரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எழுத்தாகத் தட்டினால் என் தம்பியின் கணினி அதை அவனுக்கு வாசித்துக் காட்டும். ஒரே மத்தியானத்தில் அவன் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்தால் சும்மா இருக்க மாட்டான், கல்லூரிக்கு எழுதுவான். உலகத்தில் அந்த வரியைக் கண்டுபிடிக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மூன்றாவது மாதிரியை மறுத்தேன். கையெழுத்து, மடிந்த பின்னம் எல்லாம் சாக்கு. உன் விரலை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டனுப்பி, எல்லாவற்றையும் எழுத்தாக மாற்ற முடியுமா என்று கேட்டேன். கல்லூரி அவளை வேறு வேலைக்கு மாற்றிவிட்டது. "இனிமே அதை யாரும் தொட மாட்டாங்கம்மா," என்றாள்.

அவனிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். உனக்கு எழுத முடிகிறது. அவனுக்கு எழுத முடியவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதற்கு முன் யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லாததால் சரியாகக் கேட்கத் தெரியவில்லை.

உன் அண்ணி


டிசம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அவர் தூங்கும்போது சமையலறையில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் அவரை எழுப்பப் போனேன். நான் தப்புப் பண்ணவில்லை என்று கத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

போய் நின்றதும் யோசித்தேன். சொன்னால் முதலில் அத்தானைப் பற்றிக் கேட்பார். அப்புறம், அக்கா ஏன் பொய் சொன்னாள் என்பார். அப்புறம், ஏன் படமாகப் போட்டாள் என்பார். அதற்கு நான் உங்கள் கடிதத்தை எடுத்து வாசிக்க வேண்டும். அவருக்கு இப்போது நம்பிக்கையில்லாதது என் விரல் ஒன்றில்தான். சொன்னால் அத்தானும் இல்லை, அக்காவும் இல்லை. அவருக்கு இருப்பதே நாம் மூன்று பேர்.

அதனால் சொல்லவில்லை. நான் தப்பாகப் போட்டதாகவே இருக்கட்டும். எனக்குக் கணக்கு தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

நேற்று அவர் கையை எடுத்து என் மடியில் வைத்து, சும்மா எட்டாம் நோட்டின் முதல் வரியைப் போட்டேன். போட்டு முடிக்கும்வரை கையை இழுக்கவில்லை. "என்ன போட்டேன், சொல்லுங்க," என்றேன். "தெரியலம்மா," என்றார். என் விரலை நம்பவில்லை என்று சொல்லாமல் மரியாதைக்கு அப்படிச் சொன்னார். எனக்குத் தெரிந்துவிட்டது.

மாதாமாதம் அவருக்குக் கடிதம் போடுங்கள் அண்ணி. முழங்கால், குழாய், ஈரம் என்று எதையாவது எழுதுங்கள். கணக்கு வேண்டாம். அவருக்குக் கண் போன நாளிலிருந்து நீங்கள் எழுதிய எதையும் நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்தான் அவருக்கு வாசித்திருக்கிறேன், இந்த ஒரு கடிதத்தைத் தவிர. இன்னொரு தடவை என்னால் முடியாது. பார்த்து எழுதுங்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி